கோவை வட்டார மோட்டார் பந்தயமும் ஆட்டோகிராஸ் பிரிவுகளும்

ஆட்டோகிராஸ் என்பது திறந்த மைதானத்திலோ மண் தரையிலோ கூம்புகளும் கொடிகளும் நட்டு அமைத்த வளைவான பாதையில், நேரத்தைக் கணக்கிட்டு நடத்தப்படும் கார் ஓட்டப் போட்டி ஆகும். தினசரி வேலைக்குச் சென்றுவரும் வீட்டுக் காரையே இப்போட்டிக்கும் கொண்டுசெல்லலாம் என்பது இதன் சிறப்பு. அவ்வாறு கொண்டுசெல்லும் காரை எந்தப் பிரிவில் பதிவு செய்வது என்பதே புதிதாக வருபவர் முதலில் எடுக்க வேண்டிய முடிவு. கோயம்புத்தூர் வட்டாரத்தின் மோட்டார் பந்தய வரலாற்றை இந்தப் பிரிவுப் பிரச்சினையின் வழியாகவும் படிக்க முடியும். இக்கட்டுரை பிரிவுகள் உருவான விதத்தையும், அவற்றுக்குப் பின்னால் உள்ள கணக்கையும், வீட்டுக் காருக்குப் பொருந்தும் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் விளக்குகிறது.

போட்டியின் தன்மை

வட்டப் பாதைப் பந்தயத்தில் பல கார்கள் ஒரே நேரத்தில் புறப்பட்டு ஒன்றையொன்று முந்துகின்றன. ஆட்டோகிராஸில் பெரும்பாலும் ஒரு கார் தனியாக ஓடும். சில போட்டிகளில் இரண்டு கார்கள் தனித்தனிப் பாதைகளில் இணையாக ஓடுவதும் உண்டு. குறைந்த நேரத்தில் பாதையை முடிப்பவர் வெற்றி பெறுவார். கூம்பைத் தட்டிவிட்டால் குறிப்பிட்ட விநாடிகள் தண்டனையாகச் சேர்க்கப்படும். வளைவுகள் நெருக்கமாக இருப்பதால் வேகம் மிக உயர்வதில்லை. ஆகவே இன்ஜினின் வலிமையைப் போலவே ஓட்டுபவரின் கைத்திறனும் காரின் எடையும் டயரின் பிடிப்பும் இங்கு முக்கியமாகின்றன.

இங்கிலாந்தில் புல்வெளிகளிலும் வயல்களிலும் நடத்தப்பட்ட போட்டிகளுக்கு இப்பெயர் வழங்கியது. அமெரிக்காவில் இதே பெயர், பெரிய வாகன நிறுத்துமிடங்களிலும் பழைய விமான ஓடுதளங்களிலும் கூம்பு வைத்து நடத்தப்படும் போட்டியைக் குறிக்கிறது. இந்தியாவில் மண் தரையில் நடப்பதே மிகுதி. தரை மாறினால் காருக்குத் தேவையான தன்மையும் மாறும். தார்த் தரையில் தாழ்வான கார் சாதகம். மண் தரையில் தரைக்கும் காரின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி அதிகமாக இருப்பதே சாதகம்.

பெரியநாயக்கன்பாளையமும் பட்டறை மரபும்

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள பெரியநாயக்கன்பாளையம் தொழிலுக்கும் கல்விக்கும் பெயர் பெற்ற ஊர். தி. சு. அவிநாசிலிங்கம் 1930-இல் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் இங்குதான் உள்ளது. பள்ளிகள், கலைக் கல்லூரி ஆகியவற்றுடன் தொழில்நுட்பக் கல்வியையும் அது இவ்வூருக்குக் கொண்டுவந்தது. நூற்பாலை இயந்திரங்களைத் தயாரிக்கும் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் 1962-இல் தொடங்கப்பட்டது. அதன் தொழிற்சாலை இவ்வூரின் அடையாளங்களில் ஒன்று. வாகனங்களின் வேகமானி உள்ளிட்ட அளவுமானிகளைத் தயாரிக்கும் பிரிக்கால் நிறுவனத்தின் ஆலையும் இங்கு உள்ளது.

இத்தகைய ஆலைகளைச் சுற்றி லேத் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் வளர்ந்தன. கோவை வட்டாரம் முழுவதுமே இம்மரபுக்கு உரியது. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்துடன் போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கிய ஜி. டி. நாயுடு, பின்னர் இயந்திரங்களை ஆராய்ந்து புதியன செய்பவராகப் புகழ் பெற்றார். பழுதான பாகத்தைத் தூக்கி எறியாமல், அளந்து பார்த்து, கடைந்து, வேறொன்று செய்து பொருத்தும் பழக்கம் கொங்கு நாட்டுப் பட்டறைகளில் ஊறியது.

மோட்டார் பந்தயத்துக்கு இம்மரபு பெரும் வலிமை. ஆனால் பிரிவுத் தேர்வில் இதுவே ஒரு சிக்கலையும் உண்டாக்குகிறது. கையில் திறமையும் அருகில் லேத்தும் இருந்தால், காரில் ஏதாவது மாற்றிப் பார்க்கத் தோன்றும். ஒவ்வொரு மாற்றமும் காரை வேறொரு பிரிவுக்குத் தள்ளக்கூடும்.

சோழவரம்: மூன்று கார்கள், மூன்று கொள்ளளவுகள்

தமிழ்நாட்டில் கார்ப் பந்தயம் வேரூன்றிய இடம் சென்னைக்கு வடக்கே உள்ள சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று அங்குப் பயனின்றிக் கிடந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுதளத்தில் பந்தயங்களை நடத்தியது. கோவையிலிருந்தும் ஓட்டுநர்கள் அங்குச் சென்று பங்கேற்றனர்.

அக்காலத்தில் வெளிநாட்டுக் கார்களை இறக்குமதி செய்யக் கடும் கட்டுப்பாடு இருந்தது. இந்தியச் சாலைகளில் பெருவாரியாக ஓடியவை மூன்று வகைக் கார்கள்தாம். ஸ்டாண்டர்டு ஹெரால்டின் இன்ஜின் கொள்ளளவு 948 சிசி. பின்னாளில் பிரீமியர் பத்மினி எனப் பெயர் பெற்ற ஃபியட் காருக்கு 1089 சிசி. அம்பாசடருக்கு 1489 சிசி. சிசி என்பது கன சென்டிமீட்டரைக் குறிக்கும். இன்ஜினின் எல்லா சிலிண்டர்களிலும் பிஸ்டன் மேலும் கீழும் நகரும்போது கடக்கும் மொத்தக் கன அளவே கொள்ளளவு.

மூன்று கார்களுக்கும் மூன்று கொள்ளளவுகள் இருந்ததால், கொள்ளளவைக் கொண்டு பிரிப்பது புரிந்துகொள்ள எளிதாக இருந்தது. ஆனால் ஒரே கொள்ளளவுள்ள இரு கார்கள் சமமானவை என்று அதற்குப் பொருள் இல்லை. ஒருவர் ஷோரூமிலிருந்து வந்தபடியே ஃபியட்டைக் கொண்டுவருவார். இன்னொருவர் அதே ஃபியட்டின் இருக்கைகளைக் கழற்றி, கார்புரேட்டரை மாற்றி, இன்ஜினின் தலைப்பகுதியைச் சீவி அழுத்த விகிதத்தைக் கூட்டிக் கொண்டுவருவார். இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் முதலாமவருக்குப் போட்டி என்பதே இல்லை. எனவே கொள்ளளவு, மாற்றத்தின் அளவு என்ற இரு அளவுகோல்கள் தேவைப்பட்டன.

சர்வதேச விதிகளின் தாக்கம்

இவ்விரு அளவுகோல்களையும் ஒழுங்குபடுத்தியது பிரான்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச மோட்டார் கூட்டமைப்பின் விதித்தொகுப்பு. அதில் 'ஜே' எனப்படும் பின்னிணைப்பு, கார்களைக் குழுக்களாகப் பிரிக்கிறது. 1982-இல் இக்குழுக்கள் திருத்தி அமைக்கப்பட்டன. அப்போது வந்தவையே குரூப் என், குரூப் ஏ ஆகிய பெயர்கள். ஆலையிலிருந்து வரும் நிலைக்கு மிக நெருக்கமான கார்கள் குரூப் என். ஷாக் அப்சார்பர், பிரேக் பேடு, பாதுகாப்புக் கூண்டு போன்ற சிலவற்றில் மட்டும் அதில் மாற்றம் செய்யலாம். குரூப் ஏ கார்களில் இன்ஜினின் உட்பாகங்கள் உட்பட இன்னும் பலவற்றை மாற்ற இடம் உண்டு. இரண்டுக்கும் அடிப்படை, அந்தக் கார் பெரும் எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்டுப் பொதுமக்களுக்கு விற்கப்பட்டிருக்க வேண்டும் என்பது.

இந்தியாவில் மோட்டார் விளையாட்டை நிர்வகிக்கும் அமைப்பு, இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு. தேசியப் போட்டிகளுக்கான தொழில்நுட்ப விதிகளை வகுப்பதும் போட்டி உரிமம் வழங்குவதும் இதன் பணிகள். உள்ளூர் ஆட்டோகிராஸ் போட்டிகளிலும் மேலே கூறிய அதே சிந்தனையே எளிய வடிவில் பின்பற்றப்படுகிறது. 800, 1100, 1400, 1600 சிசி போன்ற எல்லைகளும், மாற்றம் செய்யாத கார், மாற்றம் செய்த கார் என்ற பிரிவினையும் வழக்கமானவை. எல்லைகள் போட்டிக்குப் போட்டி வேறுபடும்.

மாருதியின் வருகை

1983 டிசம்பரில் முதல் மாருதி 800 கார் வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. 796 சிசி கொள்ளளவு, மூன்று சிலிண்டர், முன்சக்கர இயக்கம், குறைந்த எடை ஆகியவை கொண்ட இக்கார், அதற்கு முந்தைய கார்களைப் பழையனவாக்கியது. பெரிய இன்ஜினும் பேரெடையும் கொண்ட அம்பாசடரைச் சிறிய மாருதி வளைவுகளில் எளிதாக வென்றுவிடும் நிலை வந்தது. கொள்ளளவு கூடினால் வேகமும் கூடும் என்ற பழைய அனுமானம் நெருக்கமான பாதையில் எப்போதும் செல்லாது என்பதை இது காட்டியது.

1985-இல் வந்த மாருதி ஜிப்சி இன்னொரு கேள்வியை எழுப்பியது. தொடக்கத்தில் அதன் கொள்ளளவு 970 சிசி மட்டுமே. ஆனால் நான்கு சக்கரங்களுக்கும் ஆற்றல் செல்லும் அமைப்பு அதில் உண்டு. மண் தரையில் இது தனி வலிமை. எனவே கொள்ளளவை மட்டும் பார்த்து அதைச் சிறிய கார்களோடு நிறுத்துவது நியாயமாகாது. இந்திய ராலிப் போட்டிகளில் ஜிப்சிக்கெனத் தனிப் பிரிவு உருவானதன் காரணம் இதுவே. பல ஆட்டோகிராஸ் போட்டிகளும் இம்முறையைப் பின்பற்றின.

கரிவரதன் கண்ட மாற்று வழி

கோவையின் லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவரதன் (1954–1995) பந்தய ஓட்டுநராகவும் கார் வடிவமைப்பாளராகவும் விளங்கியவர். அவர் காலத்தில் பந்தயத்தில் நுழைய விரும்பிய இளைஞருக்கு இருந்த பெரிய தடை பணம். வீட்டுக் காரை மாற்றியமைத்துக்கொண்டே போனால் செலவுக்கு முடிவில்லை. அதிகம் செலவழித்தவரே முன்னிலை பெறுவார்.

கரிவரதன் இதற்கு வேறு விடை தேடினார். மாருதி 800-இன் இன்ஜினையும் பிற பாகங்களையும் கொண்டு, குழாய்ச் சட்டத்தில் அமைந்த ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்தார். 1980-களின் இறுதியில் பந்தயங்களில் இறங்கிய இவ்வகைக் கார் ஃபார்முலா மாருதி என அழைக்கப்பட்டது. எல்லாரும் ஒரே வகைக் காரை ஓட்டுவதால் பிரிவைப் பற்றிய வாதமே எழாது. இன்ஜினும் உதிரிப் பாகங்களும் எந்த ஊரிலும் கிடைத்ததால் செலவும் கட்டுக்குள் இருந்தது. ஒரே வகைக் காரை மட்டும் அனுமதிக்கும் இம்முறை, பிரிவுப் பிரச்சினைக்கு உலகெங்கும் கண்டறியப்பட்ட தீர்வுகளில் ஒன்று. கோவையில் அது உள்நாட்டுப் பாகங்களைக் கொண்டே செய்யப்பட்டது என்பதே சிறப்பு.

அதன் பலன் விரைவில் தெரிந்தது. தென்னிந்திய ராலியில் பலமுறை வென்ற கோவை ஓட்டுநர் ஜி. ஆர். கார்த்திகேயனின் மகன் நரேன் கார்த்திகேயன், ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையில் ஃபார்முலா மாருதி கார் மூலமே பந்தய வாழ்வைத் தொடங்கினார். 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன் பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியர் ஆனார்.

1995-இல் நேர்ந்த வான்வழி விபத்தில் கரிவரதன் காலமானார். கோவைக்குத் தென்கிழக்கே செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட பந்தயப் பாதைக்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என அவர் பெயரே சூட்டப்பட்டது. சுமார் 2.1 கி.மீ. நீளமுள்ள அப்பாதையில் தேசியப் பந்தயச் சுற்றுகள் நடைபெற்றுவருகின்றன. இவ்வட்டாரத்தில் ராலிப் போட்டிகளும் நடக்கின்றன. பல்லடம் பக்கமுள்ள கேத்தனூரின் காற்றாலைப் பண்ணைகளுக்கு நடுவே செல்லும் மண் சாலைகள் அவற்றுக்குப் பயன்பட்டுள்ளன.

ஒரே வகைக் கார் என்ற தீர்வு பந்தயத்துக்கென்றே கார் வாங்குபவருக்குப் பொருந்தும். வீட்டில் இருக்கும் ஒரே காரைக் கொண்டுவருபவருக்கு அது பொருந்தாது. அவருக்குப் பிரிவுகள் தேவை. அவற்றின் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கொள்ளளவுக் கணக்கு

கொள்ளளவைக் காணும் வழி பள்ளிக் கணிதத்தில் உள்ள உருளையின் கன அளவே. சிலிண்டரின் விட்டத்தை அதனாலேயே பெருக்கி, 0.7854-ஆல் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு கிடைக்கும். அதைப் பிஸ்டன் நகரும் தூரத்தாலும் சிலிண்டர்களின் எண்ணிக்கையாலும் பெருக்க வேண்டும்.

மாருதி 800-இன் சிலிண்டர் விட்டம் 68.5 மி.மீ. பிஸ்டன் நகரும் தூரம் 72 மி.மீ. சிலிண்டர்கள் 3. கணக்கிட்டால் 796 சிசி வருகிறது. 800 சிசி வரையிலான பிரிவுக்கு இக்கார் பொருந்தும்.

நீண்ட காலம் ஓடிய இன்ஜினில் சிலிண்டரின் உட்சுவர் தேய்ந்துவிடும். பட்டறையில் அதைச் சற்றே பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் பொருத்துவர். இதைப் போரிங் என்பர். விட்டத்தைக் கால் மி.மீ. மட்டும் கூட்டினால் 68.75 மி.மீ. ஆகும். இப்போது கொள்ளளவு சுமார் 802 சிசி. அரை மி.மீ. கூட்டினால் சுமார் 808 சிசி. காரின் வேகத்தில் இதனால் உணரத்தக்க வேறுபாடு ஏதும் வராது. ஆனால் தாளில் உள்ள எல்லையை அந்தக் கார் கடந்துவிட்டது. விதியில் விலக்கு இல்லையென்றால், அது 1100 சிசி பிரிவில் 998 சிசி கார்களோடு போட்டியிட வேண்டிவரும்.

பத்மினிக்கும் இதே நிலைதான். 68 மி.மீ. விட்டம், 75 மி.மீ. நகர்வு, நான்கு சிலிண்டர் என்பதால் 1089 சிசி. கால் மி.மீ. கூட்டினால் சுமார் 1097 சிசி. இன்னமும் 1100-க்குள் இருக்கிறது. அரை மி.மீ. கூட்டினால் சுமார் 1106 சிசி. எல்லை தாண்டிவிடுகிறது.

ஆகவே பழைய கார் வைத்திருப்பவர் முதலில் அறிய வேண்டியது, அந்த இன்ஜின் எப்போதாவது போரிங் செய்யப்பட்டதா, எந்த அளவுக்குச் செய்யப்பட்டது என்பதே. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள கொள்ளளவு ஆலையிலிருந்து வந்தபோது இருந்த அளவு. பட்டறையில் நடந்ததை அது காட்டாது. சில விதிப்புத்தகங்கள் தேய்மானத்துக்காகச் செய்யும் போரிங்குக்கு விலக்கு தரும். சில தராது. பட்டறை ரசீதைப் பத்திரப்படுத்தி வைப்பது இங்குப் பயன்படும்.

டர்போ இன்ஜினின் மறைவான கொள்ளளவு

டர்போ பொருத்திய இன்ஜினில் காற்று அழுத்தித் திணிக்கப்படுகிறது. எனவே சிறிய இன்ஜினும் பெரிய இன்ஜினைப் போல் ஆற்றல் தரும். இதை ஈடுசெய்ய, சர்வதேச விதிகளில் டர்போ பெட்ரோல் இன்ஜினின் கொள்ளளவை 1.7-ஆல் பெருக்கிப் பிரிவு கணக்கிடும் முறை உள்ளது.

இன்றைய இந்தியக் கார்களில் இதன் விளைவு பெரியது. 998 சிசி கொண்ட சாதாரண இன்ஜின் 1100 சிசி பிரிவில் நிற்கும். அதே 998 சிசி டர்போ இன்ஜின் 1.7-ஆல் பெருக்கினால் சுமார் 1697 சிசி ஆகிறது. 1600 சிசி பிரிவுக்கும் மேலே சென்றுவிடுகிறது. 1197 சிசி ஸ்விஃப்ட் கார் 1400 சிசி பிரிவுக்குப் பொருந்தும். அதே 1197 சிசி கொண்ட போலோ டர்போ கார் சுமார் 2035 சிசி எனக் கணக்கிடப்படும். காரின் பின்புறம் எழுதியிருக்கும் 1.0, 1.2 போன்ற எண்களை மட்டும் நம்பிப் பிரிவைத் தேர்ந்தெடுப்பவர் இங்குத் தவறுவார். பெருக்கும் எண் அந்தந்தப் போட்டியின் விதிப்புத்தகத்தில் என்ன என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாற்றத்தின் படிகள்

மாற்றத்தின் அளவைப் படிப்படியாக வகுத்ததில் அமெரிக்காவின் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் முன்மாதிரி. 1944-இல் தொடங்கப்பட்ட அக்கழகம் ஆட்டோகிராஸை 'சோலோ' என்ற பெயரில் நடத்துகிறது. தேசிய அளவிலான முதல் சோலோ போட்டி 1973-இல் நடந்தது. அதன் விதிகளில் 'ஸ்ட்ரீட்' என்பது அடிப்படைப் படி. அதில் ஷாக் அப்சார்பரை மாற்றலாம். காற்று வடிகட்டியின் உள்தாளை மாற்றலாம். நச்சுப்புகை வடிகட்டிக்குப் பிந்தைய சைலன்சர் பகுதியை மாற்றலாம். சக்கரத்தின் அகலத்தை மாற்றக் கூடாது. டயரும் சாலையில் நீண்ட நாள் உழைக்கும் வகையாக இருக்க வேண்டும். இதற்கு மேற்பட்ட மாற்றங்களுக்கு அடுத்தடுத்த படிகள் உள்ளன. கடைசிப் படியில் இருப்பவை ஏறக்குறைய முழுப் பந்தயக் கார்கள்.

வெவ்வேறு பிரிவுக் கார்களை ஒப்பிட, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு குறியெண் வழங்கி, ஓட்ட நேரத்தை அதனால் பெருக்கும் முறையும் அங்குப் புழக்கத்தில் உள்ளது. ஓர் எடுத்துக்காட்டு: வேகமான பிரிவின் குறியெண் 0.90, மெதுவான பிரிவின் குறியெண் 0.80 என்று கொள்வோம். முதல் கார் 54 விநாடியிலும் இரண்டாவது கார் 60 விநாடியிலும் முடித்தால், பெருக்கிய நேரங்கள் முறையே 48.6, 48.0 ஆகும். மெதுவான கார் வைத்திருப்பவரே நன்றாக ஓட்டினார் என்பது இதன் முடிவு.

இப்படிகளிலிருந்து பெறும் பாடம் ஒன்று உண்டு. ஒரு பிரிவில் அனுமதிக்கப்பட்ட மாற்றங்கள் அனைத்தையும் செய்த காரே அப்பிரிவில் வலுவான கார். அடுத்த பிரிவுக்குரிய மாற்றத்தில் ஒன்றே ஒன்றைச் செய்த கார், அந்த அடுத்த பிரிவின் மிக வலுவற்ற காராக நிற்கும். அழகுக்காக அகலமான சக்கரம் மாட்டிய வீட்டுக் கார், இன்ஜினில் எதுவுமே செய்யாமல், மாற்றியமைத்த கார்களோடு போட்டியிட நேர்வது இப்படித்தான். பழைய சக்கரத்தையும் டயரையும் வீட்டில் வைத்திருந்தால், போட்டி நாளில் அவற்றையே மாட்டித் தன் பிரிவுக்குத் திரும்பலாம். கடைந்து எடுத்த இன்ஜினை அவ்வாறு திருப்ப முடியாது.

சட்டமும் காப்பீடும்

வீட்டுக் கார் போட்டி முடிந்த மறுநாள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்ல வேண்டியது. இதனால் பிரிவுத் தேர்வு மைதானத்தோடு முடிவதில்லை.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52, பதிவுச் சான்றிதழில் உள்ள ஆலை விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இத்தடையை உறுதி செய்தது. மாற்றம் செய்த கார்களுக்கான பிரிவில் அனுமதிக்கப்படும் மாற்றம், பொதுச் சாலையில் அனுமதிக்கப்படும் என்று கொள்ளக் கூடாது. பந்தயத்துக்கென மாற்றிய கார்களை லாரியிலோ டிரெய்லரிலோ ஏற்றிச் செல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அதே சட்டத்தின் பிரிவு 189, அரசின் எழுத்துமூலமான அனுமதியின்றிப் பொது இடத்தில் பந்தயம் நடத்துவதைக் குற்றமாக்குகிறது. மேட்டுப்பாளையம் சாலையில் நள்ளிரவில் இரண்டு கார்கள் வேகம் பார்ப்பது ஆட்டோகிராஸ் ஆகாது. அது தண்டனைக்குரிய செயல்.

வழக்கமான வாகனக் காப்பீட்டு ஒப்பந்தத்தில், ஏற்பாடு செய்த பந்தயம், வேகச் சோதனை முதலியவற்றின்போது ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு இல்லை என்ற நிபந்தனை இருக்கும். தவணை கட்டி முடியாத காரைக் கொண்டுவருபவர் இதை மறக்கலாகாது. மைதானத்தில் கார் கவிழ்ந்தால் பழுதுச் செலவு முழுவதும் உரிமையாளரையே சாரும். பெரும்பாலும் சேதமின்றி முடியும் விளையாட்டு இது என்றாலும், இழக்கத் தாங்காத காரை வேகமான பிரிவில் இறக்குவது அறிவுடைமை அன்று.

பிரிவைத் தேர்ந்தெடுக்கும் முறை

மேலே கண்டவற்றைக் கொண்டு, புதிதாக வருபவர் பின்வரும் வரிசையில் முடிவெடுக்கலாம்.

1. அந்தப் போட்டிக்கென வெளியிடப்பட்ட துணை விதிகளை முழுவதும் படிக்க வேண்டும். சென்ற ஆண்டு விதி, பக்கத்து ஊர் விதி ஆகியவற்றை நம்பக் கூடாது.

2. காரின் உண்மையான கொள்ளளவை உறுதி செய்ய வேண்டும். போரிங் நடந்ததா, டர்போ உள்ளதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை வேண்டும்.

3. ஆலையிலிருந்து வந்த நிலையிலிருந்து மாறியவற்றைப் பட்டியலிட வேண்டும். சக்கரம், டயர், ஸ்பிரிங், சைலன்சர், காற்று வடிகட்டி, இன்ஜின் கணினி, கழற்றிய இருக்கைகள் ஆகியவற்றைத் தனித்தனியே எழுத வேண்டும். பழைய கார் வாங்கியவர், முந்தைய உரிமையாளர் செய்த மாற்றங்களையும் மெக்கானிக்கிடம் காட்டிக் கண்டறிய வேண்டும்.

4. எந்த மாற்றம் காரை மேல் பிரிவுக்குத் தள்ளுகிறது, அதைக் கழற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். எளிதில் கழற்றக்கூடியதைக் கழற்றிக் கீழ்ப் பிரிவில் சேர்வதே வீட்டுக் காருக்கு ஏற்றது.

5. ஓட்டுநரைப் பொறுத்த பிரிவுகளையும் பார்க்க வேண்டும். புதியவர்கள், பெண்கள் ஆகியோருக்குத் தனிப் பிரிவு வைக்கும் போட்டிகள் உண்டு.

6. ஒரு பிரிவில் போதிய கார்கள் சேராவிட்டால் அதை மேல் பிரிவோடு இணைக்க அமைப்பாளர்களுக்கு விதி இடம் தரும். கார்கள் அதிகம் சேரும் பிரிவில் வெற்றி கடினம் என்றாலும் கற்பது அதிகம்.

7. ஐயம் இருந்தால் பதிவுக்கு முன்பே வாகன ஆய்வு அலுவலரைக் கேட்டுவிட வேண்டும். போட்டி முடிந்தபின் எதிர்ப்பு மனு வந்து, இன்ஜினைப் பிரித்து அளந்து, விதிமீறல் எனத் தெரிந்தால் வென்ற இடம் பறிபோகும்.

பாதுகாப்பு விதிகள் எல்லாப் பிரிவுகளுக்கும் பொது. தலைக்கவசமும் சீட் பெல்ட்டும் கட்டாயம். பேட்டரி அசையாமல் கட்டப்பட்டிருக்க வேண்டும். டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி, ஜாக்கி, இருக்கைக்கு அடியில் உருளும் தண்ணீர்ப் புட்டி ஆகியவற்றை எடுத்துவிட வேண்டும். பிரேக் மிதிக்குக் கீழே புட்டி ஒன்று சிக்கினால் எந்தப் பிரிவும் காப்பாற்றாது.

மாணவர்களும் ஆட்டோகிராஸும்

பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாங்களே வடிவமைத்த பந்தயக் கார்களைக் கொண்டு பங்கேற்கும் ஃபார்முலா பாரத் போட்டி கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடைபெற்றுவருகிறது. அதன் ஓட்டச் சோதனைகளில் ஆட்டோகிராஸும் ஒன்று. இன்ஜின் கார்களுக்கும் மின்கார்களுக்கும் அங்குத் தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. இவ்வகை மாணவர் போட்டிகளின் விதிப்படி இன்ஜின் 710 சிசியைத் தாண்டக் கூடாது. பெட்ரோல் இன்ஜினுக்குள் செல்லும் காற்று முழுவதும் 20 மி.மீ. விட்டமுள்ள ஒரே துளை வழியாகவே செல்ல வேண்டும். காற்றைக் கட்டுப்படுத்தினால் ஆற்றலும் கட்டுப்படும். கொள்ளளவு என்ற எல்லைக்கு அப்பால் சமநிலையை உண்டாக்க இது ஓர் எளிய வழி.

மின்காருக்குக் கொள்ளளவு என்பதே கிடையாது. எனவே வருங்காலத்தில் வீட்டு மின்கார்கள் ஆட்டோகிராஸுக்கு வரும்போது, எடைக்கும் ஆற்றலுக்கும் உள்ள விகிதம் போன்ற புதிய அளவுகோல்கள் தேவைப்படும். நூறாண்டுகளாகப் பயன்பட்ட சிசி என்ற சொல் அங்குப் பொருளிழக்கும்.

மதிப்பீடு

பிரிவுகள் வெறும் நிர்வாக வசதிக்காக வந்தவை அல்ல. பணம் குறைந்தவரும் மைதானத்துக்கு வரலாம் என்ற உறுதியை அவை தருகின்றன. பணம் உள்ளவரே வெல்வார் என்ற நிலை வந்தால் சிறிய கார் வைத்திருப்பவர் அடுத்த முறை வரமாட்டார். போட்டியும் விரைவில் சுருங்கிவிடும். கரிவரதன் ஒரே வகைக் காரை உருவாக்கியதும், ஜிப்சிக்குத் தனிப் பிரிவு வந்ததும், டர்போவுக்குப் பெருக்கும் எண் வந்ததும் இந்த ஒரே நோக்கத்துக்காகத்தான்.

பெரியநாயக்கன்பாளையம் போன்ற பட்டறை ஊர்களில் ஒரு காரை வேகமாக்கத் தெரிந்தவர்கள் பலர் உண்டு. விதிப்புத்தகத்தை முதலில் படித்து, எதைத் தொடாமல் விட வேண்டும் என்று முடிவு செய்தபின் ஸ்பேனரை எடுப்பவரின் கார், தனக்குரிய பிரிவில் நியாயமாகப் போட்டியிட்டு, மாலையில் சட்டத்துக்கு உட்பட்டு வீடு திரும்பும். வீட்டுக் காரைக் கொண்டு விளையாடும் அமெச்சூர் ஓட்டுநருக்கு அதுவே சரியான பிரிவு.